சம்பந்திக்கு முதுகைக் காட்டலாமா

வாங்க தம்பி, இப்படி நடுவில் உட்காருங்கள். அந்தக் காலைத் தாண்டித்தான் வர வேண்டும். பார்த்து, பார்த்து. பையை என்னிடம் கொடுங்கள். என்ன இது, பேரிக்காயா? நல்ல கனம்.

காலை மடக்கச் சொல்லியிருக்கலாம்தான். நான் சொல்ல முடியாது. நீங்கள் வேண்டுமானால் சொல்லியிருக்கலாம், உங்களுக்கும் அவருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கும் அவருக்கும்கூட ஒன்றும் இல்லை. பேச்சு மட்டும்தான் இல்லை.

பெருமாள்மலையில் ஏறுகிறவர்களுக்கு இந்த நேரத்தில் உட்கார இடமே கிடைக்காது. மூன்று பேர் சீட்டில் இரண்டு பெரியவர்கள் ஆளுக்கு ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டு, நடுவில் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்களே என்று நீங்களே யோசித்திருப்பீர்கள். என் முதுகில் ‘நடுவர்’ என்று எழுதியிருப்பதையும் படித்திருப்பீர்கள். நான் நடுவர் இல்லை. பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் கோமதிநாயகம், ஊர் பாளையங்கோட்டை. இந்தப் பனியன் அந்த ஓரத்தில் இருப்பவருடையது. அவர் பெருந்துறையில் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டராக இருந்தவர், பெயர் சென்னியப்பன். என் சம்பந்தி. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பேச்சு இல்லை, பனியன் மட்டும் எப்படி என்றுதானே பார்க்கிறீர்கள்? என் சட்டை ஏரியில் நனைந்துவிட்டது. அவர் மாற்றுத் துணி கொண்டுவந்திருந்தார். நான் கொண்டுவரவில்லை. விழப்போகிறோம் என்று நினைக்கிறவர்கள்தான் மாற்றுத் துணி கொண்டுவருவார்கள். மாப்பிள்ளை கையில் கொடுத்து அனுப்பினார், நான் மாப்பிள்ளையிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டேன். இதில் பேச்சு எங்கே வந்தது?

அந்தக் காதுக்குள் மாட்டியிருப்பதைக் கொஞ்சம் எடுத்துவிடுகிறீர்களா? ஒன்றும் இல்லை, கேட்கிறவர்களுக்குச் சௌகரியமாக இருக்கும்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும். கல்யாணம் பாளையங்கோட்டையில். பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூரில் ஒரே ஆபீஸ், தாங்களே பார்த்துப் பேசி முடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு மண்டபம் பிடிக்கிற வேலைதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சந்தனம், பன்னீர், கல்கண்டு எல்லாவற்றையும் தட்டில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன். அதே நேரத்தில் எங்கள் பழைய சூப்பிரண்டிங் இன்ஜினியர் காரில் வந்து இறங்குகிறார். பெரிய மனிதர். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசை சோபாவில் உட்காரவைத்துவிட்டு வந்தேன். ஒரு நிமிஷம்தான். சரி, அவர் அணைக்கட்டைப் பற்றி ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். பந்தி போடுகிற வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் சம்பந்தி வாசலில் நின்றாராம். யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லையாம். நான் மனசுக்குள் சொல்லியிருந்தேன்.

அதை என்னிடம் கேட்டிருக்கலாம் அல்லவா? ‘என்ன சம்பந்தி, இப்படிப் பண்ணிட்டீங்களே’ என்று முகத்துக்கு நேராக? அதுதான் இல்லை. பந்தியில் உட்கார்ந்தார். பாயசம் வந்தது. இலையைக் குனிந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “பாயசமுங்க, இந்த மண்டபத்துல நீங்க ஒருத்தராச்சும் என்னைத் தேடி வந்தீங்களே” என்றார்.

பாயசத்திடம் பேசினார் தம்பி. அவர்கள் ஊரில் பாயசத்துக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள்.

எனக்கு வந்தது பாருங்கள். நான் கோபக்காரன் இல்லை. பக்கத்து இலையில் அப்பளம் இருந்தது. “அப்பளமே, உன்னை மாதிரி சில பேரு, தொட்டாலே நொறுங்கிருவாங்க போல” என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சு நின்றது. எங்கள் வீட்டுக்காரியும் அவர் வீட்டம்மாவும் தினம் போனில் சமையல் முடிகிற வரைக்கும் பேசுகிறார்கள், அதில் தடை ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேண்டியதை அந்தப் போன் வழியாகவே சொல்லி அனுப்பிக்கொள்வோம். ‘பெருந்துறையில மஞ்சள் நல்லாருக்குமாம்லா’ என்று நான் சுவரைப் பார்த்துச் சொன்னால், அடுத்த வாரம் மஞ்சள் வந்து சேரும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

என்ன சொல்கிறார்? ‘அந்த மஞ்சளுக்கு இன்னும் நல்லாருந்துச்சுன்னு ஒரு சொல் வரலைங்க தம்பி’ என்கிறாரா? நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.

இப்போது தலை தீபாவளி வருகிறது. தலை தீபாவளி என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் பெண் வீட்டுக்குத்தான் வர வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? வீட்டில் எல்லாம் தயார். மொட்டைமாடியைக் கழுவிவிட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் முதல் வெடி எப்போதும் வடிவுதான் போடுவாள். என் மகள் பெயர் வடிவு. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஊதுபத்தியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். போன தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. வாங்கின வெடி அப்படியே பரண் மேல் இருக்கிறது. இந்தத் தடவையாவது வந்தால் போதும் என்று இருக்கும்போது, அவள் போன் பண்ணினாள். இந்தப் பக்கம் என்னை, அந்தப் பக்கம் அவரை, இரண்டு பேரையும் ஒரே போனில் சேர்த்துவைத்துக்கொண்டு சொன்னாள்.

“எப்பா, மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. நீங்க நேருக்கு நேரா ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசணும். யார் முதல்ல பேசினாலும் சரி. பேசினா, தலை தீபாவளிக்குப் பாளையங்கோட்டை, பொங்கலுக்குப் பெருந்துறை. பேசலைன்னா ரெண்டு வீட்டுக்கும் கிடையாது. பெங்களூர்லயே ரெண்டு மத்தாப்பைக் கொளுத்திட்டுத் தூங்கிருவோம்.”

யார் முதலில் பேசினாலும் சரி என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? முதலில் பேசினவர் யாரோ, தப்பு அவர் பேரில்தான் என்று ஆகிவிடும். அதனால் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. போனை வைத்தாள். பிறகு அவளே இந்த மலைப் பயணத்தைப் போட்டாள். எங்கள் இரண்டு வீட்டு அம்மாக்களும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரி, “தீபாவளிக்குப் பிள்ளை வரலைன்னா நீங்களும் வராதீங்க, அந்த ஏரியிலயே இருங்க” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அதோ முன்னால், டிரைவருக்குப் பின் சீட்டில், தலையில் துண்டு கட்டியிருக்கிறாளே, அவள்தான் வடிவு. பக்கத்தில் மாப்பிள்ளை தரணி. தங்கமான பையன். எல்லாரும் காரில் போகலாம் என்றால், ‘பஸ்ஸில் மூணு பேர் சீட்டுல நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க’ என்கிறாள். ஒருத்தர் வந்து நடுவில் உட்காருவார் என்று அவள் யோசிக்கவில்லை பாருங்கள். நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று.

ஏரிக்கு வருகிறேன். தாமரைப்பள்ளம் ஏரி என்று பெயர், தாமரையும் இல்லை, பள்ளமாகவும் இல்லை. நல்ல ஏரி. ஒரு பக்கம் பைன் மரம், ஒரு பக்கம் முட்டைக்கோஸ் தோட்டம், இந்தப் பக்கம் படகுத்துறை. தண்ணீர் அசையவே இல்லை, தாம்பாளத்தில் ஊற்றிவைத்த மாதிரி இருந்தது. அங்கே நின்றுகொண்டே துடுப்புப் போடுகிற பலகை வந்திருக்கிறது. பேடில் போர்டு என்கிறார்கள். காற்றடித்த மெத்தை மாதிரி நீளமாக இருக்கும். அதன் மேல் நின்றுகொண்டு, ஆள் உயரத்துக்கு ஒரு துடுப்பு, அதைத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். என் சர்வீஸ் முழுவதும் ஏரி, குளம், கால்வாய்தான். கரையில் நின்றபடியே இந்தக் குளம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். உள்ளே இறங்கவேண்டிய அவசியம் வந்ததில்லை.

ஷெரின் என்று ஒரு பெண், அவள்தான் சொல்லிக்கொடுக்கிறவள். எங்களுக்கு ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிவிட்டாள். காலில் ஒரு கயிறு கட்டினாள், கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற மாதிரி. அந்தக் கயிற்றின் மறுமுனை பலகையில். “விழுந்தா பலகை உங்களை விட்டுப் போகாது சார்” என்றாள். “விழுந்தால்தானே” என்றேன். மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு பலகையில் ஏறிப் போய்விட்டார்கள். வாத்து மாதிரி போகிறார்கள். வடிவு கொஞ்ச தூரம் போனதும் பலகை மேலேயே மல்லாந்து படுத்துவிட்டாள். மாப்பிள்ளை கால் இரண்டையும் தண்ணீரில் தொங்கப்போட்டுக்கொண்டு, பையிலிருந்து வேர்க்கடலை எடுத்துத் தின்கிறார். ஷெரின் எங்களைப் பார்த்து, “பெரியவங்க ரெண்டு பேருக்கும் ஒரே பெரிய போர்டுன்னு அக்கா சொல்லியிருக்காங்க. முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர்” என்றாள். அக்கா என்றால் என் மகள்.

முன்னால் யார்? இது சின்ன விஷயம் இல்லை தம்பி. சிநேகமாக இருக்கும்போது மரியாதையில் முன்னே பின்னே இருக்கலாம். பேச்சு இல்லாத இடத்தில்தான் மரியாதையில் மயிரிழை பிசகக்கூடாது. பிசகினால் அதற்கு ஒரு பாயசம் வந்துவிடும். வாசலில் நிற்கவைத்தேன் என்றுதானே குறை? இந்தா, முன் இடம். கையால் காட்டினேன். கை காட்டுவது பேச்சில் சேராது. அவரும் முன்னால் போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால். ஷெரின் தன் பலகையில் ஒரு கயிற்றைக் கட்டி எங்களை ஏரி நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “இப்ப மெதுவா எழுந்து நில்லுங்க. கண்ணு தூரத்துல இருக்கணும், தண்ணியைப் பார்க்கக்கூடாது” என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் கூப்பிடுகிறதென்று போய்விட்டாள்.

எழுந்து நின்றோம். நன்றாகத்தான் நின்றோம். அப்போது இவர் என்ன செய்தார் தெரியுமா? மெல்ல மெல்ல, ஒரு காலாக எடுத்துவைத்து, அப்படியே என் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பலகையின் மூக்கு ஒரு பக்கம், இவர் முகம் ஒரு பக்கம். ஏரியைப் பார்த்து, “பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கறது எங்க வழக்கமில்லைங்க” என்றார்.

அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முறை தெரிந்த மனிதர். இப்போது என் கதியை யோசியுங்கள். அவர் என்னைப் பார்த்து நிற்கிறார். நான் அந்தப் பக்கம் திரும்பினால், சம்பந்திக்கு முதுகைக் காட்டினான் என்று பேச்சு வராதா? நானும் அவரைப் பார்த்தபடியே நின்றேன். நேருக்கு நேர். நடுவில் ஒரு கை நீளம். கண்ணைத் தூரத்தில் வைக்கச் சொன்னாள் அல்லவா, தூரத்தில் அவர் மூக்குதான் இருந்தது.

துடுப்பைப் போட்டோம். நான் என் வலது பக்கம் போட்டு என் முகம் பார்த்த திசையில் தள்ளுகிறேன். அவர் தன் வலது பக்கம் போட்டு தன் முகம் பார்த்த திசையில் தள்ளுகிறார். பலகை நகரவில்லை, சுற்ற ஆரம்பித்தது. பைன் மரம் வந்தது. படகுத்துறை வந்தது. முட்டைக்கோஸ் தோட்டம் வந்தது. திரும்பப் பைன் மரம் வந்தது. அழுத்திப் போட்டேன். அவரும் விடுகிற ஆள் இல்லை, டிரில் மாஸ்டர் அல்லவா, அவரும் அழுத்திப் போட்டார். முட்டைக்கோஸ் வேகமாக வந்தது. அங்கே வந்திருந்தவர்களில் ஏரியின் எல்லாப் பக்கத்தையும் ஒன்று விடாமல் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏரி நடுவில் ஒரு சுழல் இருக்கும் தம்பி. வெளியே தெரியாது. என் அனுபவத்தில் சொல்கிறேன்.

என்ன? எதிரும் புதிருமாக நின்று துடுப்புப் போட்டால் சுற்றத்தானே செய்யும் என்கிறீர்களா? நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்? விவசாயமா? அதுதானே பார்த்தேன்.

சரி, யாராவது ஒருத்தர் நிறுத்த வேண்டும், அது தெரிந்தது. அதை எப்படிச் சொல்வது? வீடு என்றால் சுவர் இருக்கிறது. மண்டபம் என்றால் அப்பளம் இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது? நல்ல வேளையாக, தண்ணீருக்குள் ஒரு பட்டுப்போன மரத்தின் மேல் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்து இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தது. சுற்றி வரும்போது அது எதிரே வருகிற சமயம் பார்த்துச் சொன்னேன்.

“ஏ நீர்க்காகம், ரெண்டு ஆளும் போட்டா ஒண்ணும் நடக்காது. ஒரு ஆள் நிறுத்துனா நல்லது.”

அடுத்த சுற்றில் இவர், “காக்காங்க, எந்த ஆளு நிறுத்தோணும்னு கேட்டுச் சொல்லுங்க.”

“மூத்தவங்க நிறுத்தலாம், இளையவங்க போடலாம்.”

“யாரு மூத்தவருன்னு ஜாதகம் பாக்கோணுங்களா?”

“இந்தக் கல்யாணத்துல பிள்ளைகளுக்கே ஜாதகம் பாக்கலையே, நீர்க்காகம்.”

“அதானுங்க காக்கா, அப்பவே பாத்திருந்தா வாசல்ல நிக்கவெக்கற கட்டம் தெரிஞ்சிருக்குமுங்க.”

இந்த இடத்தில் நீர்க்காகம் இறக்கையை மடக்கிக்கொண்டு பறந்து போய்விட்டது. எங்களுக்கு நடுவில் இருந்த ஒரே ஆளும் போயாயிற்று. இரண்டு பேரும் அது போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றோம். துடுப்பும் நின்றுவிட்டது, பலகையும் மெல்ல நின்றது.

அப்புறம் மேகம் இறங்கியது. மலையில் உங்களுக்குத் தெரியுமே, கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். முட்டைக்கோஸ் போயிற்று, பைன் மரம் போயிற்று, படகுத்துறை போயிற்று. வெள்ளைத் துணிக்குள் எங்கள் இரண்டு பேரை மட்டும் வைத்து மூட்டை கட்டின மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. வடிவு எங்கேயோ தூரத்தில் சிரிக்கிறாள், அது மட்டும் கேட்கிறது.

கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், பஸ் இரைச்சலில் உங்களுக்குக் கேட்க வேண்டும் அல்லவா.

அப்போதுதான் அந்த முட்டியைப் பார்த்தேன். இவருடைய இடது முட்டி. அரைக்கால் சட்டைதானே போட்டிருந்தார். தையல் மிஷின் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காகப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடின முட்டி. ஆபரேஷன் பண்ணச் சொல்லியும் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார் என்று போன் வழியாகக் கேள்விப்பட்டிருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். ‘உக்காருங்க சம்பந்தி’ என்று இரண்டே வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது தம்பி. சொன்னால் நான் முதலில் பேசினவன் ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் இவர் உட்காரமாட்டார். நான் நின்றுகொண்டிருக்கும்போது இவர் எப்படி உட்காருவார்? முறை தெரிந்த மனிதர் என்றுதான் சொன்னேனே.

அதனால் நானே உட்கார்ந்துவிட முடிவு பண்ணினேன். நான் உட்கார்ந்தால் இவரும் உட்காரலாம், பேச வேண்டியதில்லை, மரியாதையும் கெடாது. இதை அவர் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். தூங்குகிறாரா, பாருங்கள். கண்ணை மூடியிருக்கிறாரா? சரி, சரி.

உட்கார்ந்தேன். விழுந்தேன் என்று என் மகள் சொல்கிறாள். அது தப்பு. நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் பலகை இல்லை, அவ்வளவுதான். நான் ஒரு பக்கம் போனதும் பலகை மறுபக்கம் தூக்கிக்கொண்டது, இவர் அந்தப் பக்கம் போய்விட்டார். அந்த நேரத்தில் ‘சம்பந்தீ’ என்று ஒரு கூப்பாடு எழுந்தது. அது மேகத்தைத் தாண்டி, ஏரியைத் தாண்டிக் கரை வரைக்கும் கேட்டிருக்கிறது.

தண்ணீர் சில்லென்று இருந்தது. ஜாக்கெட் என்னை மேலே தூக்கிவிட்டது. பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இவர். இரண்டு பேரும் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடி போய்விட்டது. எல்லாம் ஒரே வெள்ளை. கொஞ்சம் பயந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். யாரும் இல்லாத மாதிரி இருந்தது. அப்போது பலகைக்கு மேலாக ஒரு கை வந்தது. என் கண்ணாடி இவருடைய ஜாக்கெட் வாரில் மாட்டியிருந்திருக்கிறது. அதை எடுத்து, ஜாக்கெட்டில் ஒரு தடவை துடைத்து, என் முகத்தில் மாட்டிவிட்டார். ஒரு வார்த்தை இல்லை. பார்த்தால் எதிரே இவர் முகம், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருந்தார். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருப்பார். நான் உடனே சரி பண்ணிக்கொள்ளவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷெரின் வந்து எங்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கரையில் வடிவு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பயந்திருப்பாள், துண்டை எடுத்துக் கொடுப்பாள் என்று பார்த்தால், முதல் கேள்வியே, “சம்பந்தின்னு கூப்பிட்டது யாரு?”

நான் இவரைக் காட்டினேன். இவர் என்னைக் காட்டினார்.

“எப்பா, அது உங்க குரல் மாதிரிதான் இருந்தது.”

“தண்ணிக்குள்ள எல்லாக் குரலும் ஒண்ணு மாதிரிதான்டி இருக்கும்.”

“மாமாவா இருந்தா ‘சம்பந்திங்க’ன்னுல்லா கூப்பிட்டிருப்பாங்க.”

“விழுற அவசரத்துல ‘ங்க’ விட்டுப்போவாதா?” என்று கேட்டேன். நியாயமான கேள்வி. அதற்கு இவர் மாப்பிள்ளையைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? “தரணி, நம்மூர்ல கெணத்துல விழுந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் விழுவாங்கன்னு சொல்லு.”

ஷெரின் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. குளிராக இருக்கும்.

வடிவு கடைசியாக ஒன்று சொன்னாள். “ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் ‘நான்தான் கூப்பிட்டேன்’னு ஒத்துக்கிடுங்க. போதும். தீபாவளிக்கு வாரோம்.” மாப்பிள்ளைகூட என் பக்கத்தில் வந்து, “மாமா, ஒத்துக்குங்க மாமா, அதிரசம் வேணும் எனக்கு” என்கிறார். நான் ஏரியைப் பார்த்தேன். இவர் முட்டைக்கோஸைப் பார்த்தார். “அப்ப யாருமே பேசலை. வத்தலக்குண்டுல நீங்க ஒரு பஸ், மாமா ஒரு பஸ். அதுவரைக்கும் டைம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிடிவாதக்காரி. அவள் அம்மா மாதிரி.

நீங்களே சொல்லுங்கள். நீங்கள் மூன்றாம் மனிதர். யார் கூப்பிட்டிருப்பார்கள்? ... அப்படியா நினைக்கிறீர்கள்? நீங்கள் அங்கே இல்லையே தம்பி.

உண்மையைச் சொன்னால், எனக்கு நினைவில்லை. விழும்போது, சரி, உட்காரும்போது, எனக்கு ஒன்றுதான் ஓடியது, அந்த முட்டியோடு இவர் தண்ணீரில் என்ன பண்ணுவார் என்று. வாயிலிருந்து ஏதாவது வந்ததா என்று யார் கவனித்தார்கள்? வந்திருக்காது. அவ்வளவு எளிதில் பேசுகிற ஆள் இல்லை நான்.

வத்தலக்குண்டு வந்துகொண்டே இருக்கிறது. வளைவுகள் முடிந்துவிட்டன, காதடைப்பு விட்டுவிட்டது பாருங்கள். பரண் மேல் இருக்கிற வெடியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஈரம் கோத்தால் வெடிக்காது. மொட்டைமாடியை வீணாகக் கழுவினேன்.

இவர் நல்ல மனிதர்தான் தம்பி, அது வேறு. மஞ்சள் அனுப்பினார், பனியன் கொடுத்தார், கண்ணாடி மாட்டிவிட்டார். ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவார்? பிடிவாதம் மனிதனுக்கு ஆகாது. நான் இவர் இடத்தில் இருந்தால் எப்போதோ பேசியிருப்பேன்.

என்ன, காட்ரோடா? இங்கேயா இறங்க வேண்டும்? அதற்குள்ளாகவா? கண்டக்டர், ஓர் ஆள் இறங்கணும். இருங்கள், இந்தாருங்கள் பை. இரண்டு கையிலும் பை, எப்படிக் கம்பியைப் பிடிப்பீர்கள்? தாண்டாதீர்கள், தாண்டாதீர்கள். பஸ் குலுங்கினால் நேராக அந்த முட்டி மேல்தான் விழுவீர்கள். ஏற்கெனவே நொந்துபோன முட்டி. ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்கள்.

சம்பந்தி. ஏங்க, சம்பந்தி. கொஞ்சம் எழுந்திரிங்க, இந்தத் தம்பி இறங்கணுமாம். காலை மடக்குங்க. அவசரம் இல்லை, மெதுவா. வலிச்சா என் தோளைப் பிடிச்சுக்கிடுங்க. ஆங், அப்படித்தான்.

வழி வந்துவிட்டது, போங்கள் தம்பி.

ஏன் நிற்கிறீர்கள்? எதற்குச் சிரிக்கிறீர்கள்? இவரும் கண்ணை மூடிக்கொண்டே சிரிக்கிறாரே. “செரிங்க சம்பந்தி, மடக்கிட்டேனுங்க” என்று வேறு சொல்கிறார். மாப்பிள்ளை எதற்குப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார்? பார்த்து வாங்க மாப்பிள்ளை, பஸ் இன்னும் நிற்கவில்லை.

ஏட்டி வடிவு, எதுக்குட்டி கைதட்டுத? நான் ஒண்ணும் பேசலையே. இந்தத் தம்பிக்கு வழிதானே கேட்டேன்.